ஒன்பது மரங்களுக்குச் சுண்ணாம்பு

ஜீப்பிலிருந்து இறங்கியதும் வத்சலா மேடம் கைப்பையைத் தரையில் வைத்தார். ஈரம் ஏறிவிடும் என்று எப்போதும் தோளிலேயே மாட்டியிருப்பவர். அன்று வைத்தார். வைத்துவிட்டு நேராக முதல் மரத்துக்குப் போனார்.

காலையிலிருந்து நான் அடித்த சுண்ணாம்பு. நெஞ்சு உயரத்துக்கு வெள்ளை, அதற்கு மேல் நான்கு விரல் அகலத்துக்குக் காவி. வாசல் கேட்டிலிருந்து அலுவலகம் வரை பாதையோரம் ஒன்பது மரங்கள். ஒன்பதிலும் காவிக்கோடு நூல் பிடித்த மாதிரி ஒரே உயரத்தில் இருந்தது.

மேடம் மரத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை வெள்ளையாக இருந்தது. இரண்டாவது மரத்திலும் அப்படியே செய்தார். மூன்றாவது மரத்தில் ஆணியில் தொங்கிய சின்ன அலுமினியத் தகட்டைத் தேடினார். அதன்மேலும் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டி எண்ணைப் படித்தார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். ஒன்பதாவது மரம் வரைக்கும் சிரித்த முகத்தோடு போனேன்.

மலைக்கு வந்த விதம்

போன வாரம் வாணியம்பாடி மசாலாக் கிடங்கை விட்டு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். நல்ல முதலாளி, நல்ல சாப்பாடு, ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். காரணம் ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. ஒன்பதாம் வகுப்பையும் அப்படித்தான் பாதியில் விட்டேன்.

கிடங்கில் நான் படுத்தது கல்பாசி மூட்டைகளின் மேல். பிரியாணிக்குப் போடுகிற அந்தச் சருகைத்தான் சொல்கிறேன். ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சாம்பல். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும். மலையில் இருப்பவர்கள் சுரண்டிக்கொண்டு வந்து சந்தையில் விற்பார்கள். நனைந்த மண்ணும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசம். சட்டையைத் துவைத்தாலும் போகாது.

அதை வாங்கிவரத்தான் கிடங்கு முதலாளி பாய் என்னை ஆலங்காயத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து மலைக்கு ஏறினேன். சரக்கை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு நான் மேலேயே தங்கிவிட்டேன். மாசி மாதம். பலாப்பிஞ்சு விட்டிருந்த நேரம்.

அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பெயர் வேண்டாம். தலைமை நிறுவனம் எங்கோ பெரிய நகரத்தில். மலையில் இருந்தது ஆறு அறை, ஒரு விருந்தினர் விடுதி, மழை அளக்கிற ஒரு கருவி, நிறைய எறும்பு. தண்ணீர் இறைக்க, புல் செதுக்க, டீ போட ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

மேடத்தைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் காவலாளி கோவிந்தன். அதே மலையில் புதூர்நாட்டுக்காரர்.

"அந்தம்மா ரிடையர் ஆயி அஞ்சு வருசம் ஆவுது. இன்னும் வூட்டுக்குப் போவல. சம்பளமும் கெடையாது" என்றார்.

"அப்புறம் இன்னாத்துக்கு இருக்காங்க?"

"பாசி வளருதான்னு பாக்கறாங்க."

"வளருதா?"

"நானும் பதினாலு வருசமா பாக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

ஒரு சாவியும் ஒரு முத்திரையும்

ஓய்வுபெற்ற விஞ்ஞானிகளில் சிலருக்கு நிறுவனம் ஒரு பட்டம் கொடுக்கும். மேடத்தின் கதவில் 'மதிப்புறு விஞ்ஞானி' என்று தமிழில் எழுதியிருந்தது. வாயால் எல்லோரும் எமரிட்டஸ் என்றே சொன்னார்கள்.

பெரிய பதவி என்று நினைத்திருந்தேன். என்ன கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஓர் அறை, அதன் சாவி, ஒரு நுண்ணோக்கி, விடுதியில் ஒரு கட்டில், வனத்துறைக்குப் போகிற அனுமதிக் கடிதத்தில் நிறுவனத்தின் முத்திரை. அவ்வளவுதான். ஆனால் அது இல்லையென்றால் மலையில் ஒரு கல்லைக்கூட அளக்க முடியாது. வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வந்தாலும் ஐந்து மணிக்குள் வெளியே போய்விட வேண்டும்.

முதலில் மூன்று வருஷம் கொடுத்தார்கள். பிறகு இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். நான் சேர்ந்த வருஷத்தோடு அதுவும் முடிகிறது. இனி நீட்டிக்க வேண்டும் என்றால் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். வேறு யாரும் எடுத்துச் செய்ய முடியாத வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டவேண்டும். காட்டினால் இன்னும் மூன்று வருஷம்.

மேடத்துக்கு அந்த மூன்று வருஷம் வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது, "இன்னும் மூணு தை மாசம் கிடைச்சா முப்பது ஆயிடும், ஏழுமலை" என்றார். முப்பது ஆனால் என்ன என்று நான் கேட்கவில்லை. எதில் முப்பது என்றும் கேட்கவில்லை.

பாறை வேலை

என்னோடு அவர் செய்தது பாறை வேலை. நிலையத்துக்குப் பின்னால் சரிவில் பாறைகள் இருந்தன. கண்ணாடி மாதிரி ஒரு தாளைப் பாறையில் வைத்து நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பேன். அவர் மெல்லிய பேனாவால் பாசியின் ஓரத்தைச் சுற்றி வரைவார். வருஷம் பூராவும் வளர்ந்தால் நகத்தின் விளிம்பு அளவு வளரும். அதனால் தாள் துளிகூட நகரக்கூடாது.

"மூச்சை அடக்கு" என்பார். அடக்குவேன். காலையில் பாறை ஐஸ் மாதிரி இருக்கும். முழங்கை மரத்துப்போகும். நான் செய்த வேலைகளில் அதை மோசமானது என்று சொல்லமாட்டேன்.

காற்று கெட்டால் முதலில் சாகிறது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

மர வேலை தை மாதத்தில். மழை ஓய்ந்த பிறகு, வருஷத்துக்கு ஒரே ஒரு முறை. நான் சேர்ந்தது மாசியில். ஆகவே மேடம் மரத்தில் தாள் வைத்து நான் பார்த்ததே இல்லை. காலையில் நடந்துவரும்போது ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் நிற்பார். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். அலுமினியத் தகடுகளை வனத்துறை அடித்தது என்று நினைத்தேன்.

கேட்டிருக்கலாம். பத்து மாதம் கூடவே இருந்தேன். கூலிக்கு நிற்கிறவன் கேள்வி கேட்கக்கூடாது என்பது பல ஊர்களில் எனக்குள் படிந்துபோன பழக்கம். கேள்வி கேட்டு இரண்டு இடத்தில் வேலை போயிருக்கிறது.

அமைச்சர் வருகிற சாலை

சுண்ணாம்பு நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்லவேண்டும்.

இருபது வயதில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தேன். அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார் என்றால் எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். சாலையோரம் அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். மைல் கல், பாலத்துச் சுவர், புளியமரம். ஒருமுறை சந்தவாசல் பக்கம் ஒரு புற்றுக்கே அடித்துவிட்டோம். மறுநாள் அதற்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். ஆறவிட்டு, வடிகட்டி, ஒரு கைப்பிடி உப்பும் கொஞ்சம் பசையும் சேர்த்தால் கையில் ஒட்டாது. அவசரத்தில் பசை போடமாட்டோம். விரலிடுக்கு வெந்துவிடும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு லாரிக்கு அடியில் படுப்போம். கூட இருந்த ஒருவனுக்குக் கண்ணில் தெறித்து ஒரு கண் போயிற்று. ஒரு வாரம் கழித்து மற்றக் கண்ணோடு வேலைக்கு வந்தான்.

அதில் நான் நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். மரப்பட்டையில் பொருக்கு இருந்தால் அதன்மேல் அப்படியே அடிக்கமாட்டேன். அரிவாளின் முதுகால் வழித்துவிட்டு அடிப்பேன். அப்போதுதான் பிடிக்கும். மழைக்கும் நிற்கும்.

யாராவது பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் மரத்துக்கு வெள்ளை அடிப்பது மரியாதை. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

குழு வருவதற்கு முந்தின நாள்

மார்கழி. நிலையத்தில் பிரிண்டர் கெட்டிருந்தது. அறிக்கையை அச்செடுத்து பைண்டு பண்ண மேடம் ஆலங்காயம் கிளம்பினார். ஜீப்பில் ஏறும்போது சொன்னார். "ஏழுமலை, நாளைக்குக் கமிட்டி. கொஞ்சம் பார்க்கிற மாதிரி சுத்தம் பண்ணி வை."

அறையைச் சொன்னார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

அறையைப் பெருக்கிவிட்டு நிர்வாக அலுவலரிடம் போனேன். மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆனவர். கோப்பிலிருந்து அவர் தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. வெளியேயும் சுத்தம் பண்ணட்டுமா சார் என்று கேட்டேன்.

"ஸ்டோர்ல ரெண்டு மூட்டை சுண்ணாம்பு கெடக்குது. அடிச்சிடு. கேட்லருந்தே பளிச்சுனு இருக்கணும்."

பளிச்சென்று அடித்தேன். கோவிந்தன் வந்து பார்த்துவிட்டு, கல்யாண வூடு மாதிரி இருக்குதுபா என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டையிலிருந்து வழித்து விழுந்த பாசி நிறைய இருந்தது. நல்ல கல்பாசி. வீணாக்க மனம் வரவில்லை. சமையலுக்கு ஆகும் என்று ஒரு பையில் அள்ளி வைத்தேன்.

ஒன்பதாவது மரத்தடியில்

கடைசி மரத்தின் அருகே மேடம் திரும்பினார். கை இரண்டும் வெள்ளை.

"சுரண்டினியா?"

"ஆமாங்க மேடம். இல்லாட்டி சுண்ணாம்பு பிடிக்காதுங்க."

"சுரண்டினது எங்க?"

"பையில வெச்சிருக்கேங்க. சமையலுக்கு ஆவும்னு."

கையை நீட்டினார். ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மணி என்ன என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"இதைத்தான் இருபத்தேழு வருஷமா அளந்துட்டு இருக்கேன்."

என் காது சூடாக இருந்தது. வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு துணியும் தண்ணீரும் கொண்டுவந்து முதல் மரத்தைக் கழுவ ஆரம்பித்தேன். வெறும் பட்டைதான் தெரிந்தது. அங்கங்கே தப்பியிருந்த துணுக்குகளும் துணியோடு வந்தன.

"விட்டுடு" என்றார்.

அறைக்குப் போய் மேசையில் செய்தித்தாள் விரித்து, பையைக் கொட்டினார். லென்ஸை வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். எது எந்த மரத்தினுடையது என்று பிரிக்க முயன்றார். நான் ஒன்பது மரத்தையும் ஒரே பையில் அள்ளியிருந்தேன். டீ கொண்டுபோய் வைத்தேன், ஆடை படிந்தது. சூடாக வேறு வைத்தேன், அதிலும் படிந்தது. வெளிச்சம் போகிற நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, தேதியை எழுதி, மூடினார்.

யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பழக்கமான எண்ணம்தான். ஆனால் மறுநாள் டீ கொடுக்க வேறு ஆள் இல்லை.

குழு

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் தலைமை நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நல்ல மனிதர் என்றே சொல்லவேண்டும். காரை கேட்டிலேயே நிறுத்திவிட்டு, மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

அறையில் மேடம், நிர்வாக அலுவலர், அவர்கள் மூவர். நான் ஃபிளாஸ்க்கோடு சுவரோரம்.

அறிக்கையைப் புரட்டிக்கொண்டே தலைவர், தான் இதைப் படித்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு நீளமான கணக்கு இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எல்லாம் முடிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பேனாவைத் திறந்துவிட்டார்.

"இந்த ஒன்பது மரம் வாசல்ல பார்த்தோமே, அதுதானே மேடம்? ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க. அப்சர்வேஷன் இப்பவும் தொடருதுன்னு போட்டுக்கலாமில்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அறையில் யாரும் எழுந்துபோய் மரப்பட்டையைப் பார்க்கப் போவதில்லை. நான் டீ ஊற்றுவதை நிறுத்தினேன்.

"இல்ல. நேத்து மத்தியானத்தோட முடிஞ்சுபோச்சு" என்றார் மேடம்.

தலைவருக்குப் புரியவில்லை. மேடம் விளக்கினார். பட்டை வழிக்கப்பட்டதையும் சுண்ணாம்பு அடிக்கப்பட்டதையும் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். உறையை மேசையில் வைத்தார்.

"யார் பண்ணது?"

நிர்வாக அலுவலர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அடுத்தவர் பேசட்டும் என்றிருந்தது.

"நான்தான் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லிட்டுப் போனேன்" என்றார் மேடம்.

அது பொய்யில்லை. அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை. தலைவர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. இன்னொருவர் இரக்கத்தோடு, புதிதாக ஆரம்பிக்கலாமே, பாறைகள் இருக்கின்றனவே என்றார்.

"பாறை ஆரம்பிச்சு ஏழு வருஷம்தான் ஆச்சு. அதை யார் வேணும்னாலும் தொடரலாம். மரத்துல மறுபடி முளைச்சு, அளக்கிற அளவுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். எனக்கு அறுபத்தஞ்சு."

நான் ஐந்து பேருக்கும் டீ கொடுத்தேன். ஒரு துளி சிந்தவில்லை. அது எனக்கு இப்போதும் ஆச்சரியம். நான்தான் சுரண்டினேன் சார், இவர்தான் அடிக்கச் சொன்னார் சார் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

கடிதம்

தை பிறந்ததும் கடிதம் வந்தது. நிலையத்துக்கு வந்த கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பவர் நிர்வாக அலுவலர். இதை மட்டும் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மேடம் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவரே சொன்னார். நீண்டகாலச் சேவைக்கு நன்றி. கவனமின்மையால் ஆய்வுக்களம் அழிந்துவிட்ட நிலையில் நீட்டிப்புக்கு அவசியம் எழவில்லை. மாத இறுதிக்குள் அறையையும் சாவியையும் ஒப்படைக்கவும்.

"யாரோட கவனமின்மைன்னு போட்டிருக்காங்க மேடம்?"

"என்னோட."

இருபத்தேழு வருஷத்து நோட்டுகளும் தாள்களும் நிறுவனத்தின் சொத்து. பட்டியல் போட்டு ஒப்படைத்தார். பட்டியலை எழுதும்போது பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வருஷத்துத் தாள்களைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டத்துக்குள் வட்டம், ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல. ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்கின்மேல் வைத்தார்.

நுண்ணோக்கியைத் துணி போட்டு மூடினார். லென்ஸ் அவருடைய சொந்தம். அதை மட்டும் பையில் போட்டுக்கொண்டார்.

கதவில் இருந்த பலகையைக் கழற்ற நிர்வாக அலுவலர் என்னைத்தான் அனுப்பினார். திருகாணி துருப்பிடித்திருந்தது. உடைத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. அந்த அறையில் பிறகு பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள்.

ஆலங்காயம் பஸ் நிலையம்

திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். ஆலங்காயம் வரைக்கும் ஜீப்பில் கூடப் போனேன். வழியெல்லாம் சாமைக் கதிர் அடித்த களங்கள். அவர் வெளியே பார்க்கவில்லை. மடியில் பையை வைத்து அதன் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாணியம்பாடி பஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் டீக்கடையில். பைகளை மேலே ஏற்றி வைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே இறங்கி ஜன்னலுக்கு நேராக நின்றேன்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணுங்க மேடம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். பாசி திரும்பி வந்திருக்காது."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்காமல் இருந்தவன், பஸ் போனதும் இட்லி சாப்பிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஓட்டுநர் ஏறி இஞ்சினைக் கிளப்பினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேடம் குனிந்து, சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"ஆனா நீ சொல்லியிருக்கலாம், ஏழுமலை."

பஸ் உடனே கிளம்பவில்லை. கண்டக்டர் யாருக்காகவோ விசில் அடித்துக் காத்திருந்தார். பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பஸ் நகர்ந்ததும் கையை எடுத்தேன்.